நார்த்திசுக் கட்டியை இனம் காண்பது எப்படி: கேள்வியில் தொடங்கி மரபணு வரை

மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சாயமேற்றிய திசுத் துணுக்குகள் ஒட்டிய இரண்டு ஸ்லைடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் செல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. பார்க்கும் இடமெல்லாம் ஏதாவது ஒரு செல் பிளந்துகொண்டிருக்கிறது, நடுநடுவே ரத்தச் சிவப்பணுக்கள் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவதில் ஒரே அமைதி. மெலிந்த செல்கள், இடையில் கொலாஜன் நார், அங்கங்கே கொஞ்சம் கொழகொழப்பு. செல் பிளவு என்று சொல்ல ஒன்றுமில்லை. எது புற்றுநோய் என்று புதிதாக வந்தவரிடம் கேட்டால் யோசிக்காமல் முதலாவதைக் காட்டுவார். அது நோடுலார் ஃபேசியைட்டிஸ். விட்டுவிட்டால் பல சமயம் தானாகவே கரைந்து போகும். இரண்டாவதுதான் லோ கிரேடு ஃபைப்ரோமிக்சாய்டு சார்க்கோமா (சார்க்கோமா என்றால் மென்திசுவிலோ எலும்பிலோ வரும் புற்றுநோய்). அறுவை முடிந்து பத்து, இருபது வருடம் கழித்துக்கூட நுரையீரலில் போய் முளைக்கக்கூடியது.

நார்த்திசுக் கட்டிகளின் உலகம் இப்படித் தலைகீழானது. செல்லின் முகத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் ஏமாறுவோம். ஆளின் வயது, கட்டி இருக்கும் இடம், அது வளர்ந்த வேகம் ஆகிய மூன்றும் தெரியாமல் மைக்ரோஸ்கோப்பில் கண் வைக்கக் கூடாது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. மருத்துவ மாணவர்களையும், பேத்தாலஜி (திசுவைப் பார்த்து நோயை அறியும் துறை) படிக்கத் தொடங்கியிருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென விழிப்பவர்களுக்கும் உதவும். ஆனால் இதைப் படித்துவிட்டு உடம்பில் உள்ள கட்டிக்குத் தாமே பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். அதற்குத் திசுவைப் பார்த்தாக வேண்டும்.

## முதலில் பெட்டிகளைத் தெரிந்துகொள்வோம்

ஃபைப்ரோபிளாஸ்ட் என்பது கொலாஜன் நாரை நூற்கும் செல். மயோஃபைப்ரோபிளாஸ்ட் அதன் பங்காளி: நாரும் நூற்கும், தசையைப் போலச் சுருங்கவும் செய்யும். காயம் ஆறும்போது இரண்டு விளிம்புகளையும் இழுத்துச் சேர்ப்பது இதுதான். இந்த இரண்டு செல்களும் அளவு மீறிப் பெருகினால் வருவதே நாம் பேசப்போகும் கட்டிகள். தோலுக்கடியில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டியோ நீர்க்கட்டியோதான். நார்க்கட்டிகள் அந்த வரிசையில் பின்னால் வருகிறவை. அதனாலேயே எளிதில் தவறவிடப்படுகிறவை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட மென்திசு, எலும்புக் கட்டிகளின் வகைப்பாடு, இவற்றை நடத்தையைப் பார்த்து நான்கு பெட்டிகளில் போடுகிறது. முதல் பெட்டி சாதுவானவை: நோடுலார் ஃபேசியைட்டிஸ், எலாஸ்டோஃபைப்ரோமா, தசைநாண் உறை ஃபைப்ரோமா போன்றவை. இரண்டாவது, வேறு உறுப்புக்குப் பரவாது, ஆனால் பக்கத்தில் இருப்பதை அரித்துக்கொண்டு போகும், வெட்டினாலும் திரும்ப வரும் ரகம். டெஸ்மாய்டும், உள்ளங்கையில் வரும் நார்ப்பெருக்கமும் இதில் அடக்கம். மூன்றாவது, எப்போதாவது பரவும்: சாலிட்டரி ஃபைப்ரஸ் கட்டி, அழற்சி மயோஃபைப்ரோபிளாஸ்டிக் கட்டி. நான்காவது முழுப் புற்றுநோய்.

குழப்பமெல்லாம் இரண்டாவது பெட்டியில்தான். டெஸ்மாய்டை 1832இல் முதலில் விவரித்தவர் ஜான் மக்ஃபார்லேன். 1838இல் யோகானஸ் முல்லர், தசைநாண் போலக் கெட்டியாக இருக்கிறது என்று கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை உருவாக்கினார். அது பரவியதே இல்லை என்பதால் சிலர் சாது என்கிறார்கள். குடலைச் சுற்றி வளர்ந்து உயிருக்கே உலை வைக்கும் என்பதால் சிலர் புற்றுநோய் என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. "இது கேன்சரா, இல்லையா?" என்ற கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாத பெட்டி ஒன்று உண்டு என்று நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

## படி 1: தொடுவதற்கு முன் கேளுங்கள்

பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். அதனால் இந்தப் படியில் அவசரப்படக் கூடாது.

வயதிலிருந்து தொடங்குவோம். பிறந்து இரண்டு முதல் நான்கு வாரமான குழந்தை. கழுத்தின் ஒரு பக்கத்தில் கெட்டியான வீக்கம், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இது ஃபைப்ரோமடோசிஸ் கோலி. கழுத்தின் பக்கத் தசைக்குள்ளேயே நார் பெருகுவது. பிரசவம் சிரமமாக இருந்ததா என்று கேட்டால் ஆமாம் என்று பல சமயம் பதில் வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் அக்குளிலோ மேல்கையிலோ முதுகிலோ தோலுக்கடியில் ஒரு கட்டி, அதுவும் ஆண் குழந்தை என்றால், ஃபைப்ரஸ் ஹமார்டோமாவை நினைக்க வேண்டும். கைவிரல், கால்விரல்களின் பக்கவாட்டிலோ மேற்புறத்திலோ தோல் நிறத்தில் குமிழ் போல வந்திருந்தால் இன்க்ளூஷன் பாடி ஃபைப்ரோமடோசிஸ். இதில் ஒரு வேடிக்கை உண்டு: கட்டைவிரலையும் கால் பெருவிரலையும் இது பெரும்பாலும் தொடுவதே இல்லை. ஏன் என்பதற்கு இன்றுவரை நல்ல விளக்கம் கிடையாது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளையின் உள்ளங்கையில் அசையாத கெட்டிக் கட்டி, எக்ஸ்-ரேயில் மாவு தூவியது போலச் சுண்ணாம்புப் புள்ளிகள். இது கால்சிஃபையிங் அப்போநியூரோட்டிக் ஃபைப்ரோமா. பேத்தாலஜிஸ்ட் லூயிசா கீஸ்பி 1953இல் விவரித்தது. வெட்டி எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வரும், ஆனாலும் சாதுதான். திரும்ப வருவதும் கெட்டதாக மாறுவதும் ஒன்றல்ல என்று புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இருபது முதல் நாற்பது வயது, முன்கை, நேற்று இல்லாதது போல வந்து சில வாரங்களில் கோலிக்குண்டு அளவாகிவிட்டது, தொட்டால் லேசாக வலிக்கிறது என்றால் அது நோடுலார் ஃபேசியைட்டிஸின் சொந்தக் கதை. 1955இல் கான்வாலர், கீஸ்பி, கேப்லன் மூவரும் இதை முதலில் விவரித்தபோது கொடுத்த பெயரிலேயே 'சார்க்கோமா போல் நடிப்பது' என்ற பொருள் இருந்தது. ஆம், அதே கீஸ்பிதான்.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண், தோள்பட்டை எலும்பின் கீழ் முனையில் வீக்கம், கையைத் தூக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால், எலாஸ்டோஃபைப்ரோமா. யார்வி, சக்சேன் என்ற பின்லாந்து மருத்துவர்கள் 1961இல் எழுதியது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் இது வழக்கத்துக்கு மாறாக அதிகம். 1982இல் அங்கிருந்து வந்த ஓர் ஆய்வில் 170 பேர் இருந்தார்கள், அவர்களில் சுமார் மூன்றில் ஒருவரின் குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருந்தது. வெறும் உராய்வால் வருவது என்ற பழைய விளக்கத்தை அது கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது. பிடரியில் கெட்டியான, எல்லை தெரியாத தடிப்பு, ஆளுக்கு நீரிழிவு என்றால் நுக்கல் ஃபைப்ரோமா. படுத்த படுக்கையாக இருப்பவரின் இடுப்பு எலும்பின் மேலோ தோளிலோ, அழுத்தம் விழும் இடத்தில் வந்தால் இஸ்கெமிக் ஃபேசியைட்டிஸ். இதையும் சார்க்கோமா என்று நினைத்துப் பதறியவர்கள் உண்டு.

அப்புறம் வேகம். 'எவ்வளவு நாளாக இருக்கிறது' என்று கேட்டால் போதாது. 'போன மாதம் எவ்வளவு இருந்தது' என்றும் கேளுங்கள். வேகமாக வளர்வது ஆபத்து என்பது பொதுவான பாடம். இந்தக் குடும்பத்தில் மட்டும் அது பாதிதான் உண்மை. வாரக் கணக்கில் வளர்ந்து மூன்று செ.மீ.க்குள் நின்றுவிட்டால் ஃபேசியைட்டிஸ் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். நிற்காமல் போனால் கதை வேறு.

கடைசியாக எல்லோரும் மறக்கும் சில கேள்விகள்: அந்த இடத்தில் அடி பட்டதா, முன்பு அறுவை நடந்ததா, அண்மையில் பிரசவம் ஆனதா (வயிற்றுச் சுவர் டெஸ்மாய்டு பல சமயம் அப்படித்தான் வரும்), குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதிலேயே பெருங்குடலில் பாலிப்போ (உட்சுவரில் முளைக்கும் சதை மொட்டு) புற்றோ உண்டா. கடைசிக் கேள்வியை எழுதி வையுங்கள், மறுபடி தேவைப்படும்.

## படி 2: விரலும் டேப்பும்

கட்டியை அளந்து செ.மீ.யில் எழுதுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் என்று எழுதினால் அடுத்த முறை வளர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆழத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அடியில் உள்ள தசையை இறுக்கச் சொல்வது. கட்டி தசைக்கு மேலே இருந்தால் அப்படியே தெரியும். தசைக்குள்ளேயோ அடியிலோ இருந்தால் மங்கிவிடும் அல்லது அசையாமல் நின்றுவிடும். எலாஸ்டோஃபைப்ரோமாவுக்கு எதிர் உத்தி: கைகளை முன்னால் நீட்டிக் கட்டிக்கொள்ளச் சொன்னால், தோள்பட்டை எலும்பு விலகி, ஒளிந்திருந்த கட்டி வெளியே தலை நீட்டும். எப்போதும் இரண்டு பக்கமும் பாருங்கள். பலருக்கு மறுபக்கமும் சின்னதாக ஒன்று இருக்கும்.

தோலிலேயே இருக்கும் பழுப்பு நிறச் சின்ன முடிச்சை இரண்டு விரலால் பக்கவாட்டில் அழுத்தினால் நடுவில் குழி விழுகிறதா? டெர்மடோஃபைப்ரோமாவாக இருக்கும். அபூர்வமானது அல்ல, ஆனால் அபூர்வமான ஒன்றோடு குழம்பும் என்பதால் குறிப்பிடுகிறேன். அது டெர்மடோஃபைப்ரோசார்க்கோமா, பரவுவது அரிது, ஆனால் வேரோடிக்கொண்டே போகும்.

சரி, எப்போது உஷாராக வேண்டும்? ஐந்து செ.மீ.க்கு மேல், தசையுறைக்கு அடியில், தொடர்ந்து வளர்வது, ஒரு முறை எடுத்த பிறகு திரும்பி வந்தது. இதில் எந்த ஒன்று இருந்தாலும் 'சும்மா ஒரு கட்டிதானே, எடுத்துவிடலாம்' என்று கத்தியை எடுக்கக் கூடாது. ஸ்கேன் எடுக்காமல் சார்க்கோமாவைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து வெட்டிவிட்டு, பிறகு அந்த இடத்தையே அகலமாக மறுபடி வெட்டுவது அறுவை உலகின் பழைய சோகம்.

## படி 3: படம்

மேலோட்டமான சின்னக் கட்டிக்கு அல்ட்ராசவுண்டு போதும். ஃபைப்ரோமடோசிஸ் கோலிக்கு அதுவே முதல் பரிசோதனை, பெரும்பாலும் கடைசிப் பரிசோதனையும்: கழுத்துத் தசை நடுவில் பருத்து இரு முனையிலும் குறுகியிருப்பதும், அது தசையோடு சேர்ந்து அசைவதும் தெரிந்தால் அங்கே ஊசி குத்த வேண்டிய அவசியமே இல்லை. கழுத்துப் பயிற்சியிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடும்.

ஆழமான அல்லது பெரிய கட்டி என்றால் எம்.ஆர்.ஐ. கொலாஜன் அடர்த்தியாக இருக்கும் இடம், எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் டி1, டி2 என்ற இரண்டு வகைப் படத்திலும் கறுப்பாகவே இருக்கும். நார்க்கட்டி என்று சந்தேகப்பட முதல் தடயம் அது. செல் அதிகமாகவும் நார் குறைவாகவும் இருந்தால் டி2வில் வெளுப்பாகத் தெரியும். டெஸ்மாய்டு தசையுறையின் வழியே வால் போல நீண்டு போவதும் படத்தில் தெரியும். அறுவை நிபுணரின் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வால்தான். எலாஸ்டோஃபைப்ரோமாவில் தசை நிறத்துக்கு நடுவே கொழுப்புக் கோடுகள் வரி வரியாக ஓடும். இடமும் வயதும் படமும் ஒத்துப்போனால் பயாப்சியே வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் தனிக் கதை. தசையில் அடி பட்டு, வீங்கி, அதற்குள் எலும்பு உருவாவது. முதல் சில வாரங்களில் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஓரத்தில் முட்டை ஓடு போல எலும்பு வளையம் வரும். ஓரம் முற்றியது, நடு இளசு. எலும்புப் புற்றான ஆஸ்டியோசார்க்கோமாவில் இதற்கு நேர்மாறு. இந்த ஒழுங்கு உருவாகும் முன்பே நடுவிலிருந்து துணுக்கெடுத்துப் பார்த்தால், பார்ப்பவர் யாராக இருந்தாலும் தடுமாறுவார். சில வாரம் பொறுத்து மறுபடி படமெடுப்பது சில சமயம் பயாப்சியைவிடப் புத்திசாலித்தனம்.

## படி 4: திசுவை எடுப்பது

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் செல்கள் இங்கே பெரிதாக உதவாது. நார் அடர்ந்த கட்டி செல்களை எளிதில் விட்டுத் தராது, வந்தாலும் அவை எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது தெரியாது. அல்ட்ராசவுண்டின் உதவியோடு 14 அல்லது 16 கேஜ் அளவுள்ள தடித்த ஊசியால் பல துணுக்குகள் எடுப்பதே முறை. ஊசி நுழையும் வழி, பின்னால் அறுவை நடந்தால் வெட்டப்படும் கோட்டிலேயே இருக்க வேண்டும். திறந்து எடுப்பதென்றால் கை, கால்களில் கீறல் நெடுக்காக இருக்கட்டும், குறுக்கே வேண்டாம்.

எடுத்த துணுக்கை உடனே 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போடுங்கள். சுண்ணாம்போ எலும்போ இருந்து மென்மையாக்க வேண்டியிருந்தால், வலுவான அமிலத்துக்குப் பதில், சுண்ணாம்பை மெதுவாக உறிஞ்சும் ரசாயனமான இ.டி.டி.ஏ. பயன்படுத்தச் சொல்லுங்கள். அமிலம் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும், ஏழாம் படியில் கையைப் பிசைய வேண்டிவரும்.

படிவத்தில் 'கட்டி, கை' என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்புவதைப் போன்ற அநியாயம் வேறில்லை. வயது, இடம், ஆழம், அளவு, எத்தனை வாரம், முன்பு அறுவை நடந்ததா: ஒரே வரியில் முடிந்துவிடும்.

## படி 5: மைக்ரோஸ்கோப், முதலில் சின்ன லென்ஸ்

பெரிய லென்ஸைப் போட்டவுடன் செல்லின் முகம் மயக்கத் தொடங்கிவிடும். எனவே சின்ன லென்ஸிலேயே கொஞ்ச நேரம் இருங்கள். எல்லை தெளிவாக இருக்கிறதா, பக்கத்துத் தசைக்குள் விரல் விட்டிருக்கிறதா? எல்லா இடமும் ஒரே மாதிரியா, பகுதிக்குப் பகுதி மாறுகிறதா? செல் அதிகமா, நார் அதிகமா?

சில கட்டிகள் இங்கேயே தங்கள் பெயரைச் சொல்லிவிடும். ஃபைப்ரஸ் ஹமார்டோமாவில் மூன்று பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: நார்க் கற்றை, முதிராத வட்டச் செல் தீவுகள், கொழுப்பு. இன்க்ளூஷன் பாடி ஃபைப்ரோமடோசிஸில் செல்லுக்குள்ளே சிவப்புப் பந்துகள். மாசன் ட்ரைக்ரோம் சாயத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியும். எலாஸ்டோஃபைப்ரோமாவில் எலாஸ்டின் சாயம் போட்டால் நூலில் கோத்த மணி போல உடைந்த எலாஸ்டின் இழைகள். தசைநாண் உறை ஃபைப்ரோமாவில் கெட்டியான நாருக்கு நடுவே கீறல் போன்ற ரத்தக்குழாய்கள். ப்ரொலிஃபரேட்டிவ் மயோசைட்டிஸில், தசை இழைகளுக்கு நடுவே சதுரங்கப் பலகை போல நார் பரவி, நரம்பு முடிச்சுச் செல் போன்ற பெரிய செல்கள் உட்கார்ந்திருக்கும். அந்தப் பெரிய செல்களைப் பார்த்துப் பயப்படாதவர்கள் குறைவு, பயப்பட வேண்டியதில்லை.

நோடுலார் ஃபேசியைட்டிஸில் செல்கள் கண்ணாடித் தட்டில் வளர்த்தவை போல, ஒன்றோடொன்று ஒட்டாமல், கிழிந்த துணி இழைகளைப் போலக் கிடக்கும். செல் பிளவு நிறைய இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பிளவும் ஒழுங்கானது. கோணல்மாணலான பிளவு ஒன்று தெரிந்தாலும் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். எத்தனை செல் பிளக்கிறது என்பதைவிட எப்படிப் பிளக்கிறது என்பதே இங்கே முக்கியம். உட்கருக்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதும், அடர்ந்து கறுத்துப் போகாமல் இருப்பதும் நல்ல அறிகுறி.

இதற்கு எதிர்ப்பக்கம் அமைதியாக இருக்கும் கட்டி. நாரும் கொழகொழப்பும் மாறி மாறி வருகின்றன, செல்கள் சுழி போட்டிருக்கின்றன, கட்டி ஆழமான தசைக்குள் இருக்கிறது என்றால், எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் 'சாதுவான நார்க்கட்டி' என்று எழுதும் கை கொஞ்சம் தயங்கட்டும். முதலில் சொன்ன அந்த இரண்டாவது ஸ்லைடு இதுவாக இருக்கலாம். இதை 1987இல் முதலில் தனியாகப் பிரித்துக் காட்டிய எவன்ஸ் என்ற பேத்தாலஜிஸ்ட்தான், நார் மட்டுமே நிறைந்த உண்மையான சாதுக் கட்டி ஒன்றையும், டெஸ்மோபிளாஸ்டிக் ஃபைப்ரோபிளாஸ்டோமா என்று 1995இல் விவரித்தார். இரண்டு முனைகளையும் ஒரே கண் பார்த்திருக்கிறது.

## படி 6: சாயங்கள்

இம்யூனோ சாயங்கள் செல்லில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று காட்டுபவை. அவை விடையைத் தருவதில்லை, சந்தேகத்தைக் குறைக்கின்றன. என்ன சந்தேகம் என்று தெரியாமல் பத்துச் சாயம் போட்டால் குழப்பம் பத்து மடங்காகும்.

எஸ்.எம்.ஏ. (தசைச் செல்லில் இருக்கும் ஒரு புரதம்) பாசிட்டிவ் என்றால் மயோஃபைப்ரோபிளாஸ்டாக இருக்கலாம், அவ்வளவுதான். காயத் தழும்பிலும் அது இருக்கும். செல்லின் இரண்டு ஓரத்திலும் தண்டவாளம் போலக் கோடு விழுவது மயோஃபைப்ரோபிளாஸ்டின் பாணி. டெஸ்மினும் சேர்ந்து பலமாக வந்தால் உண்மையான தசைக் கட்டியா என்று யோசியுங்கள். எஸ்-100 வந்தால் நரம்புறைப் பக்கம் திரும்புங்கள்.

பீட்டா-கேட்டனின் டெஸ்மாய்டுக்கான சாயம். உட்கருவுக்குள் நிறம் ஏறினால்தான் கணக்கு. உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் ஏறியதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது. இதிலும் இரண்டு பொறிகள். டெஸ்மாய்டில் ஒரு பகுதிக்கு உட்கருவில் நிறம் வராது. உள்ளங்கை நார்ப்பெருக்கத்தில் மரபணு மாற்றம் இல்லாமலேயே வரலாம். சிறிய துணுக்கில் நிறம் வரவில்லை என்பதற்காகக் கோப்பை மூடிவிட வேண்டாம்.

சி.டி.34 பலருக்கும் பிடித்த சாயம், ஆனால் ஊர் முழுக்க உறவுள்ளது. டெர்மடோஃபைப்ரோசார்க்கோமா, சாலிட்டரி ஃபைப்ரஸ் கட்டி, நகத்தடியில் வரும் ஆக்ரல் ஃபைப்ரோமிக்சோமா, நுக்கல் ஃபைப்ரோமா எல்லாவற்றிலும் வரும். சாலிட்டரி ஃபைப்ரஸ் கட்டியைப் பிரிக்க ஸ்டாட்6 இருக்கிறது; 2013இல் அதன் பின்னணியில் உள்ள மரபணு இணைப்பு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்த வேலை சுலபமாகிவிட்டது. மேலே சொன்ன அமைதியான வேஷக்காரனை, அதாவது லோ கிரேடு ஃபைப்ரோமிக்சாய்டு சார்க்கோமாவைப் பிடிக்க மியூசி4. ஆழமான, சாதுவாகத் தெரியும், கொழகொழப்பும் நாரும் கலந்த எந்தக் கட்டிக்கும் மியூசி4 போடாமல் பெயர் எழுதக் கூடாது என்பது என் பிடிவாதம்.

## படி 7: மரபணு

எல்லாக் கட்டிக்கும் இது தேவையில்லை. பெயரில் சந்தேகம் மிஞ்சும்போது, அல்லது பெயரைப் பொறுத்து பெரிய அறுவை முடிவாகப் போகிறது என்னும்போது தேவை.

நோடுலார் ஃபேசியைட்டிஸ் வெறும் அழற்சி, காயத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை என்றுதான் அரை நூற்றாண்டுக்கும் மேல் நம்பினார்கள். பெயரிலேயே அழற்சியைக் குறிக்கும் 'ஐட்டிஸ்' இருக்கிறதே. 2011இல் எம்.ஒய்.எச்.9, யூ.எஸ்.பி.6 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்ததும் அது உண்மையான கட்டிதான், ஆனால் தானாகவே அடங்கிவிடும் கட்டி என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. யூ.எஸ்.பி.6 வேறு ஒரு கூட்டாளியோடு சேர்ந்து மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸிலும் வருகிறது. ஓரத்தில் எலும்பு, நடுவில் ஃபேசியைட்டிஸ் போன்ற தோற்றம் ஏன் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. இரண்டும் சொந்தக்காரர்கள்.

டெஸ்மாய்டில் பெரும்பாலானவற்றில் பீட்டா-கேட்டனினுக்கான சி.டி.என்.என்.பி.1 மரபணுவின் 41 அல்லது 45ஆம் இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கும். அது இல்லாவிட்டால் ஏ.பி.சி. மரபணுவில் (குடல் பாலிப்புகளோடு தொடர்புடையது) மாற்றம் இருக்கிறதா என்று தேட வேண்டும். கால்சிஃபையிங் அப்போநியூரோட்டிக் ஃபைப்ரோமாவில் எஃப்.என்.1, இ.ஜி.எஃப். இணைப்பு, ஃபைப்ரஸ் ஹமார்டோமாவில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் 20ஆம் எக்ஸானில் (மரபணுவின் ஒரு பகுதி) மாற்றம். டெஸ்மோபிளாஸ்டிக் ஃபைப்ரோபிளாஸ்டோமாவில் எஃப்.ஓ.எஸ்.எல்.1. லோ கிரேடு ஃபைப்ரோமிக்சாய்டு சார்க்கோமாவில் பெரும்பாலும் எஃப்.யூ.எஸ்., சி.ஆர்.இ.பி.3எல்.2 இணைப்பு.

ஓர் எச்சரிக்கை. மரபணு முடிவு படத்தோடும் இடத்தோடும் ஒத்துப்போகாவிட்டால் மரபணுவே சரி என்று சாய்ந்துவிடாதீர்கள். துணுக்கு மாறியிருக்கலாம், கட்டி இல்லாத பகுதியைப் பரிசோதித்திருக்கலாம்.

## படி 8: பெயர் எழுதுவதும், பெயர் செய்யும் வேலையும்

இப்போது பெட்டிக்குள் போடலாம். ரிப்போர்ட்டில் பெயரோடு பெட்டியையும் எழுதுங்கள்: சாது, பக்கத்தில் இருப்பதை அரிப்பது, அபூர்வமாகப் பரவுவது, முழுப் புற்றுநோய். பெயர் புரியாத மருத்துவருக்கும் அந்த ஒரு சொல் புரியும். துணுக்கு போதவில்லை என்றால் 'கதிர்ச்செல் (நீண்டு, இரு முனையும் மெலிந்த செல்) கட்டி, சாதுவாகத் தோன்றுகிறது' என்று முடிப்பதைவிட, எதை விலக்க முடியவில்லை என்று சொல்லிவிடுவது நேர்மை. நோயாளிகளுக்கும் சொல்கிறேன்: உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு மழுப்பல் வரி இருந்தால், சார்க்கோமா அதிகம் பார்க்கும் பேத்தாலஜிஸ்டிடம் அந்தப் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துணுக்கு) ஸ்லைடையும் அனுப்பி இரண்டாவது கருத்துக் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பேத்தாலஜிஸ்டுகளே தங்களுக்குள் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

பெயரைப் பொறுத்து அடுத்த வேலை தலைகீழாக மாறும். எலாஸ்டோஃபைப்ரோமா தொந்தரவு தராவிட்டால் கை வைக்க வேண்டியதில்லை. நோடுலார் ஃபேசியைட்டிஸ் என்று பயாப்சியில் தெரிந்தால் சில வாரம் பார்க்கலாம், அல்லது எளிதாக எடுத்துவிடலாம். எடுத்த பிறகு திரும்பத் திரும்ப வந்தால் பெயரையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். டெஸ்மாய்டுக்கு முன்பெல்லாம் உடனே பெரிய அறுவைதான். இப்போது முதலில் ஸ்கேன் எடுத்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். பல கட்டிகள் வளராமல் நின்றுவிடுகின்றன, சில சுருங்கவும் செய்கின்றன. வளர்ந்துகொண்டே போனால் மருந்து. நிரோகாசெஸ்டாட் என்ற மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 நவம்பரில் இதற்கென்றே அனுமதி கொடுத்தது.

முதல் படியில் எழுதி வைக்கச் சொன்ன கேள்வி இப்போது வருகிறது. ஒரு பிள்ளையின் முதுகிலோ விலாவிலோ எல்லை தெரியாத தகடு போன்ற கட்டி. மைக்ரோஸ்கோப்பில் ஒழுங்கில்லாமல் அடுக்கிய தடித்த கொலாஜன், இடையில் கொஞ்சம் கொழுப்பு, செல் என்று சொல்ல அதிகமில்லை. பார்க்க இதைவிடச் சாதுவான கட்டி கிடையாது. இது கார்ட்னர் ஃபைப்ரோமா. பெரும்பாலான பிள்ளைகளில் இதற்குப் பின்னால் இருப்பது ஏ.பி.சி. மரபணுக் கோளாறு. அந்தக் கோளாறு உள்ளவரின் பெருங்குடலில் வயது ஏற ஏற நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் முளைக்கும், கவனிக்காமல் விட்டால் புற்றாக மாறும். வீட்டில் யாருக்கும் இதுவரை தெரியாமல் இருந்திருக்கலாம். பிள்ளையின் முதுகில் இருக்கும் கட்டிதான் முதல் தகவலாக இருக்கலாம். எனவே ரிப்போர்ட்டில் 'சாதுவான நார்க்கட்டி' என்று நிறுத்தாமல், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மரபணு ஆலோசனையும் குடல் பரிசோதனையும் தேவையா என்று பார்க்கவும் என்று இன்னொரு வரி சேருங்கள்.